ஜோர்ஜ் கீற்றின் உருவ ஓவியமும் சமய நோக்கும்

இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றை எழுதுவோர் ஜோர்ஜ் கீற்றை (1901 - 1993) மேனாட்டு நவீன பாணியை இங்கு வேரூன்றச் செய்தவர் எனக் குறிப்பிடுவது வழக்கம். பிக்காசோவின் செல்வாக்கு அவர்தம் கோடுகளில் உண்டென்பது மறுக்கற்பாலதன்று. எனினும், அதனை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோமாயின், ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாத ஒருவர் மனித உருவத்தையே தமது கலையின் மையமாகக் கொண்டமைக்கான காரணம் புலப்படாது. அக்காரணம் அவரது சமயத் தேடலிலே காணப்படவேண்டியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கீற் கண்டியிலே பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியிற் கற்றவர். அக்கல்வி அவரைக் கவரவில்லை. மல்வத்தை விகாரையோடு ஏற்பட்ட தொடர்பே அவர் வாழ்வின் திசையை மாற்றியது. பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு, சிங்களத்தையும் பாளியையும் அவர் கற்றார். ஏறத்தாழ இருபத்தாறாவது வயதில், லயனல் வென்டின் ஊக்குவிப்போடு ஓவியத்தில் முனைந்தார். தூரிகையை ஊன்றிப் பற்றுமுன்னரே அவர் சமய மாணாக்கராயிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, 'தாமே கற்றவர்' என்னும் தொடரை நாம் எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். ஆசிரியர் இல்லாமை வேறு. கல்வி இல்லாமை வேறு. கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவை போன்ற விகாரைகளின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கோட்டினால் உருவத்தை வரையறுப்பவை. ஒளிநிழலையோ தூரத்தோற்றத்தையோ நாடாது தட்டையான வண்ணப் பரப்பினாற் கதை சொல்பவை. ஐரோப்பியக் கல்லூரி முறையிற் பயின்றவர்கள் முயன்று மறக்கவேண்டியிருந்தவற்றைக் கீற் மறக்கவேண்டிய தேவை எழவில்லை. இம்மரபிற் பழகிய கண்ணுக்குப் பிக்காசோவின் கோடு அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது.

இதற்குச் சிறந்த சான்று பொரளைக் கோதமி விகாரையாகும். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அவர் அங்கு புத்தர் வரலாற்றைச் சுவர்களில் வரைந்தார். அக்காலத்திலேயே இந்துப் புராணங்களும் வடமொழிக் காதற் கவிதையும் அவர் உள்ளத்தை ஈர்த்திருந்தன. துறவைப் போற்றும் சமயத்தின் கோயிலில் இத்துணை வனப்பும் திரட்சியும் வாய்ந்த உடல்கள் பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பே. துறக்கப்படுவது அழகற்றதாயின் துறவிற்குப் பெருமை யாது? உலகின் கவர்ச்சியை முழுமையாகக் காட்டிய பின்னரே அதனை வென்றவரின் அமைதி பொருள்பெறும். அச்சுவர்களில் உடலின் வனப்பு துறவுக்கு மாறானதன்று. துறவை அளந்து காட்டும் கோலே அது எனலாம்.

பின்னர் அவர் சயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர்தம் கோட்டோவியங்களுடன் அந்நூல் 1947இல் பம்பாயில் வெளிவந்தது. கண்ணனும் இராதையும், நாயிகையரும் அவருக்கு நீங்காத பொருள்களாயினர். ஆழ்வார் பாசுரங்களில் நாயகி பாவத்தைக் கண்டு பழகிய தமிழ் வாசகர்க்கு இந்நிலை புதியதன்று. மானிடக் காதலின் மொழியிலே இறைவேட்கையைக் கூறுதல் நம் பத்தி மரபின் அடிப்படைகளுள் ஒன்று. கீற்றின் ஓவியங்களில் தழுவி நிற்கும் இருவரின் முகங்கள், பக்கத் தோற்றமும் நேர்த்தோற்றமும் ஒன்றாகி, ஒரே கோட்டிற் பிணைகின்றன. மேனாட்டுக் கனவடிவவாதம் பொருளைப் பகுத்துக் காட்டக் கண்ட உத்தி, இங்கு இருவரை ஒருவராக்கும் உத்தியாகின்றது. வடிவம் கடன்பெற்றதாயினும் அதன் பயன் முற்றிலும் வேறானது.

பிற்காலப் படைப்புகள் சிலவற்றில் இவ்வடிவம் வாய்பாடாகி, வேட்கை தணிந்து அலங்காரமே எஞ்சுகின்றது. அகத்தேடலிற் பிறந்த வடிவம், அத்தேடல் தளர்ந்தவிடத்துத் தானும் வெறுமையாதல் இயல்பு. இக்குறையும் நமது கருத்துக்கு அரணே.

1943இல் உருவான '43 குழுவில் லயனல் வென்ட், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, மஞ்சுசிறி ஆகியோருடன் கீற்றும் இடம்பெற்றார். பறங்கியராய்ப் பிறந்து, விகாரையிற் கற்று, கண்ணன் காதலை வரைந்த அவரை எந்த ஓர் இனத்தின் கலைஞராகவும் வகைப்படுத்த இயலாது. சமயம் இனத்தின் எல்லைக்கல்லாகக் கருதப்படும் நாட்டில், அதனை அவர் பிறரிடம் செல்லும் வழியாக்கினார். அவ்வழி கலைஞர்க்கு மட்டுமே உரியதன்று.