பர்லெஸ்க்

உயர்வாகப் போற்றப்படும் ஒன்றை நையாண்டிக்கு உள்ளாக்கிச் சிரிக்கவைக்கும் இலக்கிய, நாடக வடிவம் பர்லெஸ்க். இத்தாலிய மொழியில் 'புர்லா' என்றால் கேலி. அதிலிருந்து வந்த 'புர்லெஸ்கோ' என்ற சொல் பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது.

இந்த வகைக் கவிதையை 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைநிறுத்தியவர் டஸ்கனியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ பெர்னி. பீச் பழம், விலாங்கு மீன், ஏன், கொள்ளைநோயைக்கூடப் புகழ்ந்து அவர் பாடினார். பிரான்சில் பால் ஸ்காரோன் 1648 முதல் வெளியிட்ட நூலில் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவிய வீரர்கள் சாதாரண மனிதர்களைப் போலக் கொச்சையாகப் பேசினார்கள். பாரிஸில் அது பெரும் மோகமாகப் பரவியது. 1674இல் பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ இதைத் தலைகீழாக்கினார்: தேவாலயத்தில் ஒரு வாசிப்பு மேடையை எங்கே வைப்பது என்ற பாதிரியார்களின் சண்டையைக் காவிய நடையில் பாடினார். பெரிய பொருளைச் சிறிய நடையில் சொல்வது, சிறிய பொருளைப் பெரிய நடையில் சொல்வது ஆகிய இரண்டும் பர்லெஸ்க்கே. பொருளும் நடையும் பொருந்தாமல் நிற்பதே அதன் உயிர்நாடி. மூலத்தை நன்கு அறிந்தவர்களுக்குத்தான் இந்தச் சிரிப்பு முழுமையாகக் கிட்டும் என்பதால் இதை மலிவான கலை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

மேடையில் இது தனி வடிவம் பெற்றது லண்டனில். 1831 முதல் 'ஒலிம்பிக்' என்ற நாடக அரங்கில் நடிகை மேடம் வெஸ்ட்ரிஸ், பிளாஞ்சேயின் கிரேக்கப் புராண நையாண்டி நாடகங்களை அரங்கேற்றினார். 1868இல் ஆங்கில நடிகை லிடியா தாம்சனின் பர்லெஸ்க் குழு நியூயார்க் சென்றது. இறுக்கமான காலுறை அணிந்த பெண்கள் ஆண் வேடங்களில் நடித்தது அங்கே பரபரப்பையும் கண்டனத்தையும் ஒருசேரக் கிளப்பியது. அதன்பின் அமெரிக்காவில் கதை தேய்ந்து, நகைச்சுவைத் துணுக்குகளும் பாட்டும் நடனமும் கலந்த நிகழ்ச்சியாக பர்லெஸ்க் மாறியது. 1920களில் ஆடை களையும் நடனம் முன்னுக்கு வந்தது. 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமம் தர மறுத்தது. இன்று பலர் இச்சொல்லை அந்த நடனத்தோடு மட்டுமே சேர்த்துப் பார்ப்பது, நீண்ட இலக்கிய மரபு ஒன்றை மறைத்துவிடுகிறது.

1990களில் புதிய பர்லெஸ்க் இயக்கம் தோன்றி, பழைய அமெரிக்க மேடையின் அலங்காரத்தையும் அங்கதத்தையும் மீட்டெடுத்தது.

இசையிலும் இப்பெயர் உண்டு. இசையமைப்பாளர் பாக் தம் விசைப்பலகைத் தொகுதி ஒன்றின் ஒரு பகுதிக்கு 'புர்லெஸ்கா' என்று பெயரிட்டார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இளமையில் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய 'புர்லெஸ்க', முதல் மெட்டையே டிம்பனி முரசுகளிடம் கொடுத்துத் தொடங்குகிறது.