மருமகன் செய்த ரம்பம்

மரத்தைச் சாய்க்கக் கோடரி போதும். சாய்த்த மரத்தை நேரான, மெல்லிய பலகைகளாக்க ரம்பம் வேண்டும். கதவையும் கட்டிலையும் வீட்டுக்கூரையையும் சாத்தியமாக்கிய இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்பதற்குப் பண்டைய கிரேக்கர்களிடம் ஒரு கதை இருந்தது. அதன் நாயகன் ஒரு சிறுவன். சிலர் அவனை டாலோஸ் என்றார்கள், சிலர் பெர்டிக்ஸ் என்றார்கள். கிரீட் தீவைக் காவல் காத்த வெண்கல அரக்கன் டாலோஸ் வேறு. இவன் ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளை.

அவனுடைய தாய்மாமன்தான் டெடலஸ். சிற்பம், தச்சு, கட்டடம் எல்லாவற்றிலும் அவனுக்கு நிகர் இல்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அக்காலத் தாய் ஒருத்தி மகனைத் தன் உடன்பிறந்தவனிடம் ஒப்படைப்பதில் வியப்பில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் பையனுக்கு அப்போது வயது 12.

ஒருநாள் அவன் கையில் ஒரு பாம்பின் தாடை எலும்பு கிடைத்தது. அதன் பல்வரிசையைக் கொண்டு சிறு குச்சி ஒன்றைத் தேய்த்தான், குச்சி அறுந்தது. ஓவிட் பாம்புத் தாடைக்குப் பதிலாக மீனின் முதுகெலும்பைச் சொல்கிறார். எதுவானாலும், பையன் அடுத்துச் செய்ததுதான் பெரிது. இரும்புத் தகட்டின் ஓரத்தில் அதே போல் வரிசையாகப் பற்களை வெட்டினான். ஒவ்வொரு பல்லும் மரத்தில் ஒரு துளியைக் கிள்ளி எடுக்கிறது. இழுக்க இழுக்கப் பிளவு ஆழமாகிறது. ஒரே அடியில் பிளக்க வேண்டிய வலு, பல நூறு சிறு வெட்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. எலும்பில் கண்ட அந்த உண்மையை உலோகத்துக்கு மாற்றியதில்தான் அவன் மேதைமை இருக்கிறது. வட்டம் போடும் கவராயமும் அவன் கண்டதே என்பார்கள். குயவரின் சக்கரத்தையும் அவன் கணக்கில் சேர்க்கிறார் வரலாற்றாசிரியர் டியோடோரஸ்.

மாமனால் இதைத் தாங்க முடியவில்லை. மாணவன் தன்னை மிஞ்சிவிடுவான் என்ற பயம் அவனை அரித்தது. அக்ரோபோலிஸ் குன்றின் உச்சியிலிருந்து பையனைத் தள்ளிவிட்டான்.

டியோடோரஸ் தரும் ஒரு செய்தி என்னை உலுக்கியது. உடலைப் புதைத்துக்கொண்டிருந்த டெடலஸிடம், என்ன புதைக்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். பாம்பைப் புதைக்கிறேன் என்றான். ரம்பத்துக்கு வழிகாட்டிய அதே பிராணியே கொலையையும் காட்டிக்கொடுத்ததே என்று டியோடோரஸ் வியக்கிறார். அரியோபாகஸ் மன்றம் டெடலஸைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவன் ஏதென்ஸை விட்டு ஓடி, கிரீட்டில் மினோஸ் மன்னனிடம் அடைக்கலம் புகுந்தான்.

ஓவிட்டின் கதையில் பையன் சாகவில்லை. விழும்போதே அதீனா தேவி அவனைத் தாங்கிக் கவுதாரியாக மாற்றிவிடுகிறாள். விழுந்த நினைவு போகாததால் கவுதாரி உயரத்தில் பறப்பதில்லை, மரத்தில் கூடு கட்டாமல் தரையில் புதர்களுக்குள் முட்டையிடுகிறது என்பது கவிஞர் கூற்று. பின்னாளில் டெடலஸின் மகன் இக்காரஸ் வானிலிருந்து விழுந்து இறந்தபோது, தகப்பன் அவனைப் புதைப்பதைப் பார்த்து அந்தக் கவுதாரி சிறகடித்துக் குரலெழுப்பி மகிழ்ந்ததாம். கொடூரமான காட்சிதான். ஆனாலும் அந்தப் பறவை மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மெய்யான வரலாற்றில் ரம்பம் இந்தக் கதையைவிட மிகவும் மூத்தது. எகிப்தின் முதல் அரசமரபுக் காலத்துக் கல்லறைகளில், ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முந்தைய செம்பு ரம்பங்கள் கிடைத்திருக்கின்றன. டெடலஸ் ஓடிப்போனதாகச் சொல்லப்படும் கிரீட் தீவிலேயே, வெண்கலக் காலத்து மாளிகைகளில் பெரிய பெரிய வெண்கல ரம்பங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆக, ரம்பத்தை முதலில் செய்த கை யாருடையது என்பதற்கு இந்தக் கதை சான்றாகாது. பட்டறையில் குரு, சீடன் உறவு எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு இது சான்று.

கெட்டது அதோடு முடியவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, எந்தப் பொருளை யார் கண்டுபிடித்தார் என்று ஒரு நீண்ட பட்டியல் எழுதினார். அதில் தச்சு வேலை, ரம்பம், கோடரி, தூக்குநூல், துளையிடும் கருவி எல்லாம் டெடலஸின் பெயரில் இருக்கின்றன. கொன்றவனுக்கே பெருமையும் போய்ச்சேர்ந்தது. டாலோஸுக்கு மிஞ்சியது ஒரு கல்லறைதான். 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குப் போன பயணி பவுசானியஸ், நாடக அரங்கிலிருந்து அக்ரோபோலிஸுக்கு ஏறும் வழியில் அதைக் குறிப்பிடுகிறார்.

கிரேக்கப் புராணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் இக்காரஸின் மெழுகுச் சிறகில்தான் தொடங்குகிறார்கள். அடுத்த முறை டாலோஸின் ரம்பத்திலிருந்து தொடங்குங்கள். டெடலஸ் ஏன் கிரீட்டில் இருந்தான் என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.