சாயப் புட்டியில் இல்லாத பெயர்

முப்பது வருடத்துக்கு மேல் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு இப்போது மாங்காட்டில் ஓய்வாக இருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில், காலையில் லேபுக்குள் நுழைந்ததும் என் கை முதலில் தேடியது லீஷ்மன் சாயப் புட்டியைத்தான். ரத்தத் துளியை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்துக் காயவிட்டு, சாயம் ஊற்றி இரண்டு நிமிடம், பிறகு அதைப் போல இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர் விட்டு இன்னும் பத்து நிமிடம். கழுவிப் பார்த்தால் வெள்ளணுக்களின் கரு ஊதாவாக எழுந்து நிற்கும். வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவர் 1901இல் வெளியிட்ட முறை அது.

படிக்கிற காலத்தில் காலா அசார் என்ற காய்ச்சல் நோயின் பாடத்தில் அதன் கிருமியை 'எல்.டி. பாடி' என்று எழுதுவோம். எல் என்றால் லீஷ்மன் என்று புட்டியைப் பார்த்தே தெரியும். டி யார் என்று நான் கேட்கவே இல்லை. அந்த டி எங்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன் என்று தெரிந்தபோது எனக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. எத்தனை தடவை அந்த வாசலில் பஸ் இறங்கியிருப்பேன்!

டோனவன் 1863இல் கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். ஜி.எச்.சில் மருத்துவர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர். மாதக்கணக்கில் காய்ச்சல், உப்பிய வயிறு, குச்சியான கை கால் என்று வருகிற நோயாளிகளை அன்று நாள்பட்ட மலேரியா என்றே எழுதிவந்தார்கள். கொய்னா கொடுத்தும் கேட்காது. 1903 ஏப்ரல் 9ஆம் தேதி, அப்படி இறந்த ஒருவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஸ்லைடில் டோனவன் முட்டை வடிவத்தில் நுண்ணிய உருக்களைப் பார்த்தார். உள்ளே பெரிய புள்ளி ஒன்று, பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று. மலேரியா அப்படி இருக்காது.

லீஷ்மன் அதே உருவை 1900 நவம்பரிலேயே பார்த்திருந்தார். கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் காய்ச்சல் பிடித்து, இங்கிலாந்தில் நெட்லி ராணுவ மருத்துவமனையில் இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில். ஆனால் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது அச்சேறியது 1903 மே 30இல்தான். இவை டிரிப்பனோசோம் என்ற கிருமி, மனிதர் இறந்தபின் சிதைந்த நிலை என்பது அவர் கருத்து.

அந்த இதழ் கடல் தாண்டி மதராஸ் வந்தது. ஜூன் 17இல் டோனவன் ஒரு காரியம் செய்தார். காய்ச்சலில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பையனின் மண்ணீரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். மண்ணீரலில் ஊசி என்றால் எங்களுக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். உள்ளே கசியத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். அந்த உயிருள்ள ரத்தத்திலும் அதே உருக்கள். செத்த உடம்பில் சிதைந்து உண்டானவை அல்ல என்பது அந்த ஒரு ஸ்லைடில் முடிவாயிற்று. என்னைக் கேட்டால் கண்டுபிடிப்பு முழுமை பெற்ற நாள் அதுதான். ஜூலை 11 இதழில் அவர் குறிப்பு வந்தது. லீஷ்மன் வைத்த அதே தலைப்பையே வைத்திருந்தார்: இந்தியாவில் டிரிப்பனோசோம் நோய் இருக்கக்கூடுமா என்ற தலைப்பு.

டோனவன் ஸ்லைடுகளைக் கிருமி ஆய்வாளர்களான பாரிஸின் லாவரானுக்கும் லிவர்பூலின் ரொனால்ட் ராஸுக்கும் அனுப்பினார். லாவரான் இதைப் பைரோபிளாஸ்மா என்ற இனத்தில் சேர்த்து டோனவன் பெயரை வைத்தார். யார் முதல் என்று சச்சரவு எழுந்தது. முன்பு மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ராஸ்தான் அந்த நவம்பரில் தீர்த்துவைத்தார்: இது புது உயிர், 'லீஷ்மேனியா டோனவானி'. இருவர் பெயரும் சேர்ந்தாயிற்று. சாயமோ லீஷ்மனுடையதாகவே இருந்துவிட்டது.

காலா அசார் எப்படிப் பரவுகிறது என்பது இதைவிட நெடிய கதை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் பாட்டன் என்ற ஆய்வாளர் மூட்டைப்பூச்சிதான் காரணம் என்று உறுதியாக நம்பினார். 1907இல் அதைப் பற்றி அறிக்கையும் எழுதினார். உழைப்புக்குக் குறைவில்லை, கிராக் என்பவருடன் சேர்ந்து 1913இல் அவர் வெளியிட்ட மருத்துவப் பூச்சியியல் நூல் எத்தனையோ பேருக்குப் பாடமாயிற்று. ஆனாலும் குற்றவாளி மூட்டைப்பூச்சி அல்ல, மணல் ஈ. சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அஸ்ஸாமில் தாமாக முன்வந்த மனிதர்களை மணல் ஈ கடிக்கவைத்து நோய் பரவுவதை நிரூபித்து 1942இல் எழுதினார்கள். எழுத்து வரிசையில் சுவாமிநாத் பெயர்தான் முதலில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம்.

டோனவன் பின்னால் ராயப்பேட்டை மருத்துவமனைக்குப் பொறுப்பாளராகப் போனார். 1951இல் இங்கிலாந்தில் காலமானார். என் நினைவு போவதெல்லாம் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனிடம்தான். எத்தனை ஆயிரம் பேருக்கு ஊசி குத்தியிருக்கிறேன். குத்துமுன் பெயரைக் கேட்டு ஸ்லைடில் எழுதாமல் ஒரு நாளும் விட்டதில்லை.