வாய்க்குப் போகும் கட்டை

பேத்திக்குக் கீழ் ஈறு தடித்திருக்கிறது. விரல், சேலை முந்தி, என் மூக்குக்கண்ணாடி, எது அகப்பட்டாலும் வாய்க்குத்தான். அவளுக்கென்று கிலுக்கு வாங்கப் போன வாரம் அம்பாசமுத்திரம் போனேன். எனக்கு அம்மா வாங்கியதும், என் மகனுக்கு நான் வாங்கியதும் அந்த ஊர்க் கடைசல் கிலுக்குதான்.

சின்ன வயதில் பட்டறை வாசலிலேயே நின்றுவிடுவேன். ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார், கட்டை சுழலும். எதிரே குத்தவைத்திருப்பவர் உளியைக் கொடுப்பார், சீவல் சுருள் சுருளாக விழும். உருவம் வந்ததும் அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டைமேல் அழுத்துவார். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் முகம் தெரிகிற பளபளப்பு. தூரிகை கிடையாது, காயவைக்கிற வேலையும் கிடையாது.

முப்பது வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின்; சுத்தம் செய்த அரக்கைத்தான் மாத்திரைகளுக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் பூசுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டபோது, அந்தப் பட்டறைக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. பல் முளைக்கிற பிள்ளைக்கு மருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் பல் முளைக்கும்போது கொடுத்த பொடியில் பாதரச உப்பு இருந்தது. கையும் காலும் சிவந்து, வலியில் துடித்து, எத்தனையோ குழந்தைகள் இறந்தன. 1954இல் அந்தப் பொடியில் பாதரசத்தைக் கைவிட்ட பிறகே அந்த நோய் அடங்கியது. அந்த ஈறுக்கு வேண்டியிருந்ததோ கடிக்க ஒரு கட்டை.

அம்பாசமுத்திரத்தில் முன்பு மஞ்சள் கடம்பில் கடைந்தார்கள். இழை நெருக்கமான மரம், சிலாம்பு எழும்பாது. காட்டு மரத்துக்குக் கட்டுப்பாடு இறுகியது. பக்கத்து மலை 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. காடு பிழைத்ததில் எனக்குச் சந்தோஷமே. இப்போது தைல மரத்திலும் கடைகிறார்கள். கயிறு போய் மோட்டார் வந்துவிட்டது.

பொம்மைகளுக்குத் தர முத்திரை வேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு அளித்தார்கள். சின்னப் பட்டறைகளுக்கு அது நியாயம்தான். ஆனால் வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். எனாமல் பெயின்ட் அடித்ததைத் தொடவே மாட்டேன். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்ப்பேன். சாயம் ஒட்டினால் வேண்டாம். உள்ளே மணி போட்டது, ஒட்டிய துண்டு உள்ளது, முழுசாக வாய்க்குள் போகிற அளவில் சிறியது, எதுவும் வேண்டாம்.

பட்டறைத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“வாயில வைக்கிற பிள்ளைக்கா? அப்போ கலரே வேண்டாம்மா. வெறுங்கட்டையாக் கடைஞ்சு தாரேன், சத்தம் வராது, பரவால்லயா?”

ஒரே கட்டையில் இரண்டு பக்கமும் குமிழ், நடுவே பிஞ்சுக் கைக்கு அடங்குகிற பிடி. தாழை மடலால் மட்டும் தேய்த்துக் கொடுத்தார். அறுபது ரூபாய்.