'எனக்குச் சீனி இல்லை, ஹார்ட்தான்'

கல்பிட்டியிலிருந்து உடப்பு வரைக்கும் கரையோரத்தில யாரும் நீரிழிவு என்று சொல்வதில்லை. சீனி, அவ்வளவுதான். 'அவருக்குச் சீனி', 'எனக்குச் சீனி இல்லை, ஹார்ட்தான்'. இந்த இரண்டாவது வசனத்தின் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

மருத்துவமும் கனகாலம் இரண்டையும் வேறு வேறு கொப்பியில்தான் எழுதி வந்தது. மாரடைப்பு வந்தவரின் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால், அது அதிர்ச்சியில் ஏறினது, தானாக இறங்கும் என்று விட்டுவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சீனியை ஏற்றத்தான் செய்யும். சுவீடனில் ஒரு குழு இதைச் சோதித்துப் பார்த்தது. சீனி இருப்பதாக முன்பு தெரியாத 181 மாரடைப்பு நோயாளிகளுக்கு, வீடு போகும் சமயம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் அதையே செய்தார்கள். அதிர்ச்சி எல்லாம் அடங்கிய அந்த நேரத்திலும் 25 வீதமானோருக்கு நீரிழிவு, 40 வீதமானோருக்கு அதற்கு முந்தின நிலை. மூன்றில் இரண்டு பேர்! 2002இல் லான்செட் இதழில் இது வந்தது.

இலங்கையில் பெரிய கணக்கெடுப்பு 2005-2006இல் நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோருக்கு அது இருப்பதே தெரியாது. இன்னும் 11.5 வீதமானோர் முந்தின நிலையில். யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் அந்தக் கணக்கில் இல்லை. புத்தளம் அடங்கிய வடமேல் மாகாணம் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் அப்போதும் இந்தக் கரையில்தான் வாழ்ந்தார்கள். கடலையும் வயலையும் விட்டு வந்தவர்களின் கையில் கிடைத்தது அரிசி, மா, சீனி என்று உலருணவு நிவாரணம். உடம்பு வேலை குறைந்து மாச்சத்து கூடின அந்த வருஷங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கரையின் சீனியைப் பார்க்கவேணும் என்பது எங்கள் எண்ணம்.

சரி, ரிப்போர்ட் ஏன் 'இல்லை' என்கிறது? வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பதால். 126 அல்லது அதற்கு மேல் போனால்தான் நீரிழிவு. 105 வந்தவரை 'பிரச்சினை இல்லை' என்று அனுப்பிவிடலாம். சோறு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து அவருக்கு எவ்வளவு ஏறுது என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆரம்பத்தில் பலருக்குத் தடுமாறுவது அங்கேதான். இதய நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் சோதனை செய்யவேணும் என்று ஐரோப்பிய இதய மருத்துவர்கள் 2007இலேயே வழிகாட்டி எழுதிவிட்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை லேசு, பட்டினி தேவையில்லை. ஆனா இரத்தசோகையோ தலசீமியாவோ இருந்தால் அது பிழையாகக் காட்டலாம். இலங்கையில் தலசீமியா கூடின மாகாணம் எது தெரியுமா? இதே வடமேல் மாகாணம்தான்.

2011 முதல் அரசாங்கம் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்தது. அங்கே சீனி, பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நாடு முழுக்க அங்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நிலையம் திறந்திருப்பது பெரும்பாலும் வேலை நாட்களில், பகலில். கடலுக்குப் போன வள்ளங்கள் கரை திரும்பி மீன் இறக்கி வலை கழுவும் நேரமும் அதுதான்.