படியெடுத்தலும் படித்தலும்

மணிமுத்தாறு தாமிரபரணியோடு கலந்து, நெல் வயல்களை வாழ்வித்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. அந்தக் கழிமுகத்து ஊரில் தங்கித் தமிழ் கற்று மறைப்பணி ஆற்றியவர், போர்ச்சுக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள், ஆயினும், இந்திய எழுத்தில் நம் மண்ணில் அச்சாகி இன்று நமக்குக் கிட்டியுள்ள முதல் நூல் அதுவே. அறியப்பட்ட ஒரே படியோ, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆற்றங்கரை மக்களின் முதல் அச்சுநூலை ஆற்றங்கரை மக்களே கண்டதில்லை!

அவருடைய 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. அறிஞர் இராசமாணிக்கம் அடிகளார் அதனை 1967இல் தூத்துக்குடியில் மீண்டும் பதிப்பித்தார். ஒரு தலைமுறை தன் கடனை ஆற்றிற்று. அடுத்த தலைமுறைக்கு உரிய பணி யாது?

ஆங்கிலேயரின் பழைய அச்சு நூல்கள், மிச்சிகன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியால் கணினியில் எழுத்தெழுத்தாகப் பதியப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 25,000 நூல்கள் 2015 சனவரி முதல் நாள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. மாணவர் சிலர் அவற்றின் பிழைகளைக் களைந்து, மின்பதிப்பு உருவாக்கும் கலையையும் பயின்றுள்ளனர். தமிழிலும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர், பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றி வருகின்றனர்.

நூலின் நிழற்படம் தாளைக் காக்கும். பொருளைக் காப்பது வாசிப்பே. நம் பழைய அச்சில் புள்ளி இல்லை. எகர ஏகாரக் குறிகளுக்கும் வேறுபாடு இல்லை. 'பெறு' என்பதா, 'பேறு' என்பதா? முன்னது ஏவல், பின்னது அருள். சூழல் அறிந்து முடிவு செய்ய வேண்டியவர் பதிப்பாளரே. எந்திரம் இதில் துணை நிற்கலாம், பொறுப்பேற்க இயலாது. மூலத்தில் உள்ளதை உள்ளவாறே ஒரு வரியிலும், தாம் கொண்ட பாடத்தை மறு வரியிலும் தருவதே நேர்மை. பழையதைத் திருத்தும் ஆவலில் பழையதையே அழித்துவிடலாகாது.

சொல்லானவர் மனுவுருவானார் என நம்பும் நாம், சொல்லை அலட்சியமாகக் கையாள்வது தகுமோ? பங்கின் கல்லூரி மாணவர் சிலர் வாரம் ஒரு பக்கம் எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பதிய, மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். பதினாறு வாரங்களில் 'தம்பிரான் வணக்கம்' தாமிரபரணிக் கரைக்குத் திரும்பிவிடும்.