இலங்கைப் பல்கலைக்கழகக் கற்பித்தலின் வளர்ச்சியும் தளர்ச்சியும்

இலங்கையின் உயர்கல்வி பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழுக்களையும் அனுமதி எண்ணிக்கையையும் பற்றியே பேசுகின்றன. ஆசிரியர் எவ்வாறு கற்பித்தார், மாணவர் எதனைச் செய்யக் கற்று வெளியேறினர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. ஆயினும், பட்டதாரிகளின் ஆற்றல் குறித்துக் காலந்தோறும் எழுந்த முறைப்பாடுகளுக்கு விடை தேடவேண்டிய இடம் வகுப்பறையேயாகும்.

1921 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. அதன் மாணவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்றினர். எனவே, ஆசிரியர் எத்துணைப் புலமையுடையவராயினும், பிறர் வகுத்த பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ்செய்பவராகவே பெரிதும் அமைய நேர்ந்தது.

1942 யூலை 1 ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அன்று மாணவர் தொகை ஆயிரத்துக்குங் குறைவு. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் பயின்றவர்; மாணவரும் ஆசிரியரும் ஒரே சூழலில் வாழும் வதிவிடப் பல்கலைக்கழகத்தையே அவர் இலட்சியமாகக் கொண்டார். 1952 இல் கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தபோது அவ்விலட்சியம் உருப்பெற்றது. விரிவுரைக்குத் துணையாக 'ரியூற்றோரியல்' எனப்படும் சிறுகுழு வகுப்பு அமைந்தது. மாணவன் ஒரு பொருள் பற்றிக் கட்டுரை எழுதி வருவான், ஆசிரியர் சான்று கேட்பார், உடனிருப்போர் மறுத்துரைப்பர். நூலைத் தேடிப் படித்தல், முரண்பட்ட சான்றுகளை நிறுத்துப் பார்த்தல், கருத்தைத் தெளிவுற எழுதுதல், எதிர்வாதத்திற்கு ஈடுகொடுத்தல் ஆகிய ஆற்றல்களை விரிவுரையைக் காட்டிலும் இவ்வகுப்பே வளர்க்கவல்லதாயிருந்தது.

எனினும், இம்முறையின் நன்மை சிறுதொகையினருக்கே எட்டியது. ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலையிற் பயிலும் வாய்ப்பு வாய்த்தவரே பல்கலைக்கழக வாயிலை அணுக முடிந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், பாடசாலைகளில் சுயமொழி போதனாமொழியானமையும் இந்நிலையை மாற்றின. 1960 இல் சிங்களம், தமிழ் ஆகிய மொழிகளிற் கற்கும் மாணவர் முதன்முறையாகக் கலைப்பீடத்துட் புகுந்தனர். கிராமத்து உழவனின் மகனும் மகளும் பல்கலைக்கழகம் புகும் வழி திறந்தது. இது காலந்தாழ்த்திக் கிடைத்த நீதியேயன்றிக் கல்வியின் வீழ்ச்சியன்று.

வீழ்ச்சிக்குக் காரணம் வேறு. 1960 களின் நடுப்பகுதியில் நாட்டின் பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிற்று. பெருக்கத்தின் பெரும்பகுதி கலைத்துறையிலேயே நிகழ்ந்தது. ஆசிரியர் தொகையும் நூலக நிதியும் அவ்வளவிற்கு உயரவில்லை. ஓர் ஆசிரியரிடம் அறுபது மாணவர் இருந்தால், அறுவர் கொண்ட குழுக்களாக அவர்களைச் சந்திக்க வாரம் பத்து மணித்தியாலம் போதும். இருநூற்று நாற்பது மாணவராயின் நாற்பது மணித்தியாலம் வேண்டும். விரிவுரையோ அறுபதின்மருக்கும் இருநூற்று நாற்பதின்மருக்கும் ஒரே மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நேரமும் பணமும் குறுகியபோது முதலிற் பலியானது சிறுகுழு வகுப்பே.

தமிழ்மொழி மூலம் கற்றோர் மற்றுமோர் இடர்ப்பாட்டிற்கு ஆளாயினர். ஆங்கிலத்திற் கற்றுப் பட்டம் பெற்ற விரிவுரையாளர், தாம் கற்றவற்றைத் தமிழாக்கிக் கலைச்சொல்லையும் தேடி மறுநாள் வகுப்பிற்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. உயர்நிலைக்குரிய தமிழ் நூல்கள் மிகச் சிலவே. நூலகத்து ஆங்கில நூல்களோ மாணவர் பலருக்குப் பூட்டிய பெட்டகங்களாயின. ஆகவே, விரிவுரைக் குறிப்பே பாடநூலாயிற்று. அதனை மனனஞ்செய்து பரீட்சைத்தாளில் ஒப்புவித்தலே கல்வியாயிற்று. லண்டன் பரீட்சைக்காகக் கற்ற பழைய நிலை வேறோர் உருவில் மீண்டது எனலாம்.

1971 ஏப்பிரில் கிளர்ச்சி, கற்றும் வேலையற்றிருந்த இளைஞரின் விரக்தியை நாட்டிற்கு உணர்த்திற்று. அவ்வாண்டே டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்பிற்கும் நாட்டிற் கிடைத்த தொழில்களுக்கும் இடையிலிருந்த பொருத்தமின்மையை எடுத்துக்காட்டியது. 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழகங்களை ஒரே அமைப்பின் வளாகங்களாக்கியது. தொழில்சார் பாடநெறிகள் வலியுறுத்தப்பட்டன. ஆனால், பாடநெறியின் பெயர் மாறினும் குறிப்பெழுதிக் கற்கும் முறை மாறாதவிடத்துப் பட்டதாரியின் ஆற்றல் எங்ஙனம் மாறும்?

இதே காலத்தில் 1971 இன் தரப்படுத்தலும் 1974 இன் மாவட்டப் பங்கீட்டு முறையும் தமிழ் மாணவரிடையே ஆழ்ந்த மனக்காயத்தை விளைவித்தன. பல்கலைக்கழகத்துள் யார் புகுவது என்ற வினா சமூகத்தின் சிந்தனை முழுவதையும் ஈர்த்துக்கொண்டமையால், புகுந்தோர் எவ்வாறு கற்பது என்ற வினா பின்தள்ளப்பட்டது. 1974 இல் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு, திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோதும், இருந்த சில வளங்களைக் கொண்டே கற்பித்தலைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

1978 ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை மீண்டும் தனித்தனியாக்கிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை நிறுவியது. கற்பித்தலின் தரத்தையும் பொருத்தப்பாட்டையும் உயர்த்துவதே நோக்கமாகக் கொண்ட தேசிய அளவிலான திட்டமொன்று உலக வங்கியின் உதவியுடன் தொடங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. மாணவன் எழுதியதை ஆசிரியர் படித்து, அவனோடு வாதிட்டு, மீண்டும் எழுதச் செய்யும் நேரமே கற்பித்தலின் உயிர்நிலை. நிதி சுருங்குங்கால் கட்டடத்தைப் பிற்போடலாம். பாடங்களின் தொகையைக் குறைக்கலாம். நான்கு விரிவுரைகளை இரண்டாக்கி எஞ்சிய நேரத்தைச் சிறுகுழுக்களுக்கு அளிக்கலாம். அந்நேரத்தையே சிக்கனப்படுத்தின், பட்டம் எஞ்சும், பட்டதாரி எஞ்சான்.